யாருடைய சீக்கு? - பறங்கிப்புண் முதல் கூவாகம் வரை

சித்திரை பிறந்தால் நம் பத்திரிகைகளுக்குக் கூவாகம் நினைவுக்கு வந்துவிடும். கட்டுரையின் வடிவமும் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. அரவான் களப்பலியான கதைக்கு ஒரு பத்தி, மோகினியாக வந்து அவனை மணந்த கண்ணனுக்கு ஒரு பத்தி, தாலி கட்டிக்கொள்ளும் இரவின் வர்ணனைக்கு மூன்று பத்தி, மறுநாள் வளையல் உடைத்துத் தாலியறுத்து எழும் ஒப்பாரிக்கு மேலும் மூன்று. கடைசியில், ஏதோ பரிகாரம் செய்வதுபோல், எய்ட்ஸ் விழிப்புணர்வு முகாம் நடந்தது, இத்தனை ஆயிரம் ஆணுறைகள் வழங்கப்பட்டன என்று ஒரு வரி. 'விளிம்புநிலை', 'உடலரசியல்' போன்ற சொற்களை மேலே தூவிக்கொள்வோம் என்பதைத் தவிர, வெகுசன இதழ்க் கட்டுரைக்கும் சிற்றிதழ்க் கட்டுரைக்கும் இதில் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் சண்டை அந்தக் கடைசி வரியோடுதான். முகாம் நடத்துபவர்களோடு அல்ல. அவர்கள் செய்வது அவசியமான வேலை, அதுவும் நன்றியில்லாத வேலை. ஆனால் அந்த வரியை நாம் எழுதும் விதத்தில் நோய் திருநங்கையரின் உடலில் குடிவைக்கப்பட்டுவிடுகிறது. அந்த இரவில் உளுந்தூர்ப்பேட்டை வட்டாரத்துக் கரும்புக்காட்டு ஓரங்களில் அவர்களைத் தேடி வந்த ஆண்கள் கட்டுரையில் எங்குமே இல்லை. 'கூட்டம் அலைமோதியது' என்பதற்குள் அவர்கள் கரைந்துபோகிறார்கள்.

இந்தப் பழக்கம் எய்ட்ஸோடு வந்ததல்ல. நம் பேச்சுவழக்கில் பால்வினை நோய்க்குப் 'பொம்பளச் சீக்கு' என்று பெயர். நோயாளி ஆண். புண் அவனுடையது, வலி அவனுடையது, அடுத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறவனும் அவனே. ஆனாலும் சீக்கு மட்டும் பொம்பளையுடையது. இதற்கு முந்தைய அடுக்கில் 'பறங்கிப்புண்' இருக்கிறது. போர்த்துகீசியரோடு கப்பலேறி வந்த சிபிலிஸுக்கு நாம் இட்ட பெயர் அது. 16-ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசமும் அதைப் 'பிரங்க ரோகம்' என்றே அழைக்கிறது. (சித்த மருத்துவர்கள் அதற்குத் தந்த வேருக்கும் பறங்கிப்பட்டை என்ற பெயர்தான்!) நாம் மட்டுமா? இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள், ருஷ்யர்கள் போலந்து நோய் என்றார்கள். ஆளாளுக்கு அடுத்த வீட்டுத் திண்ணையில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

வெள்ளை அரசு 1868-இல் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் என்றொன்றைக் கொண்டுவந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு வரும் மேகநோயைத் தடுப்பதற்காகப் பெண்களைப் பதிவேட்டில் எழுதி, பரிசோதித்து, நோய் கண்டால் லாக் ஆஸ்பத்திரிகளில் அடைத்துவைத்தார்கள். 1888-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதன் மனப்பான்மை நீங்கியதாகச் சொல்ல முடியாது. 1981 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து ஆண்களிடம் அரிய வகை நிமோனியா காணப்பட்ட செய்தி வெளியானது. அடுத்த ஆண்டில் அந்த நோய்க்குத் தன்பாலீர்ப்போடு முடிச்சிட்டு ஒரு பெயர் சிறிது காலம் புழங்கியது. ஊசியால் போதை ஏற்றிக்கொண்டவர்களிடமும் ஹீமோஃபீலியா நோயாளிகளிடமும் நோய் தெரியவந்த பிறகுதான் எய்ட்ஸ் என்று மாற்றினார்கள். இந்தியாவில் 1986-இல் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த அந்த ஆய்வு மருத்துவ வரலாற்றில் பெரிய சாதனை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ரத்தம் எடுக்கப்பட்டது காவலில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து என்பதையும், அவர்களிடம் போய்வந்த ஆண்களிடமிருந்து அல்ல என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

ஒரே ஒருமுறை கேள்வி ஆணை நோக்கித் திரும்பியது. 2000-களின் தொடக்கத்தில் தமிழகச் சுவரெங்கும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டார்களே, அது. ஊரே சிரித்தது, திரைப்படங்கள் கேலி செய்தன, ஆனால் கேள்வி சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. என்ன, புள்ளிராஜா பெண்களிடம் மட்டுமே போகிறவனாக இருந்தான். அவன் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்க அந்தச் சுவர்களுக்கும் துணிவில்லை.

'அப்படியானால் அபாயமே கிடையாது என்கிறாயா?' என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். இல்லை, அபாயம் உண்மை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2017-ஆம் ஆண்டுக் கண்காணிப்புக் கணக்கின்படி, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 2.69 விழுக்காட்டினரிடமும் திருநங்கையரில் 3.14 விழுக்காட்டினரிடமும் எச்.ஐ.வி. இருந்தது. அந்த ஆண்டில் நாட்டின் வயதுவந்தோர் அனைவரிலும் மதிப்பிடப்பட்ட விழுக்காடு 0.22. இதில் உடலியல் காரணமும் உண்டு. பாதுகாப்பற்ற குதவழி உறவில் ஏற்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 உறவுக்குச் சுமார் 138 என்றும், யோனிவழி உறவில் பெண்ணுக்குச் சுமார் 8 என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். மலக்குடலின் மெல்லிய சவ்வுக்கு ஒழுக்கமும் தெரியாது, ஒழுக்கக்கேடும் தெரியாது. கணவன் மனைவியிடையே நடந்தாலும் கணக்கு இதுதான்.

ஆனால் அந்த 2017 கணக்கின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். கர்ப்பிணிகள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர், ஊசிப் போதையாளர், புலம்பெயர் தொழிலாளர், லாரி ஓட்டுநர்... திருநங்கையரிடம் செல்லும் ஆண்கள் என்றொரு பத்தி அதில் கிடையாது. அவர்களை எங்கே போய்த் தேடுவது, எந்தப் பெயரில் பதிவது? கூவாகத்தில் அவர்கள் வாசலிலேயே நிற்கிறார்கள். இன்னொன்று: சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்கள் பலர் நேர்ந்துகொண்டு தாங்களும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். நம் வருடாந்திரக் கட்டுரைகளில் இது பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஆணும் பெண்ணும் மூன்றாம் பாலும் அவ்வளவு எளிதாகப் பிரிந்து நிற்காத ஓரிடத்தில் போய் நின்றுகொண்டு, நோயை மட்டும் ஒருபாற்படுத்திவிட்டுத் திரும்புகிறோம்.

நோய் என்றாலே எச்.ஐ.வி. என்றாகிவிட்டதும் இந்த ஒற்றை வரியின் கைங்கரியம். சிபிலிஸ், வெட்டை, கிளமிடியா ஆகியவை எச்.ஐ.வி.க்கு முன்னும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. புண்ணும் அழற்சியும் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவதும் எளிது. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளில் அறிகுறியை வைத்து மருந்து தரும் முறையைக் கையாண்டு வந்தார்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு வண்ணப் பெட்டி: சீழ் ஒழுக்குக்குச் சாம்பல்நிறம், பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளைநிறம் என்று. ஏழை நாட்டுக்கு ஏற்ற, சிக்கனமான ஏற்பாடு. ஆனால் தொண்டையிலும் மலக்குடலிலும் தங்கும் வெட்டையும் கிளமிடியாவும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அறிகுறி இல்லாதவனுக்குப் பெட்டியும் இல்லை. பஞ்சுக்குச்சியால் அந்த இடங்களில் மாதிரி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எடுப்பதற்கு, அங்கே உறவு நடந்தது என்பதை அவன் சொல்லவேண்டும். மருத்துவரின் முதல் கேள்வியோ 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்பது. ஆயிற்று என்கிறான். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இப்போது கூவாகத்திலிருந்து அதே மாவட்டத்தின் மேற்கு எல்லைக்குப் போவோம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து இளைஞன் ஒருவனை எண்ணிப்பாருங்கள். குறிப்பிட்ட எவரையும் சொல்லவில்லை. கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ கூலிவேலைக்குப் போய்த் திரும்புகிறவன், ஆண்களிடம் ஈர்ப்புள்ளவன், அல்லது ஈர்ப்பு என்று பெயர்வைக்காமலேயே வாழ்கிறவன். அவனைத் 'தன்பாலீர்ப்பாளன்' என்று அவனும் சொல்லிக்கொள்வதில்லை, ஊரும் சொல்வதில்லை. அவன் கோத்தியுமல்ல, திருநங்கையுமல்ல, எந்தத் தொண்டு நிறுவனத்தின் பதிவேட்டிலும் இல்லாதவன். கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கிவந்தால் கள்ளக்குறிச்சி. 2022 முதல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவை ரகசியமாக வைக்க 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. எல்லாம் இருந்தும் வரிசையில் நிற்கும் சொந்தக்காரர் ஒருவர் போதும், அவன் அப்படியே திரும்பிவிட. கூவாகத்துக்காவது ஆண்டுக்கொருமுறை கூடாரம் வருகிறது. மலைக்கு எந்தத் திருவிழாவின் பெயரால் வரும்?

சட்டத்தின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. 377-ஆம் பிரிவு நோய்த்தடுப்புக்குத் தடையாக இருக்கிறது, மக்களை மறைவுக்குத் துரத்துகிறது என்று 2006-இலேயே டெல்லி உயர்நீதிமன்றத்தில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வாக்குமூலம் தந்தது. அதே அரசின் உள்துறை அமைச்சகம் அதே வழக்கில் அந்தப் பிரிவு வேண்டும் என்று நின்றது! 2009-இல் விடுதலை, 2013-இல் மீண்டும் குற்றம், 2018 செப்டம்பர் 6-இல் மீண்டும் விடுதலை. இந்த ஊசலில் ஆணுறை விநியோகித்த களப்பணியாளர்களே பிடிபட்டிருக்கிறார்கள். 2001-இல் லக்னோவில் நடந்தது வெளியே தெரிந்த ஒன்று. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அந்தப் பிரிவை முற்றாகவே கைவிட்டது. மகிழலாம்தான். ஆனால் இசைவில்லாமல் ஓர் ஆண் மீதோ திருநங்கை மீதோ நடக்கும் வன்புணர்வுக்கு இருந்த ஒரே பிரிவும் அதோடு போயிற்று. திருநங்கை மீதான பாலியல் வன்முறைக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு விதித்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து ஆண்டு. நான்கு பேர் சூழ்ந்துகொண்ட ஓர் இரவில் கையில் திணிக்கப்பட்ட ஆணுறையால் என்ன பயன் என்று அந்த விழிப்புணர்வு வரியை எழுதும் எவரும் கேட்டதாக நினைவில்லை.

ரத்ததானத்திலும் இதே கதைதான். 2017-இல் வந்த வழிகாட்டு நெறிகள் திருநங்கையரையும் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களையும் நிரந்தரமாகவே விலக்கின. அவர் பல்லாண்டாகத் தனியாக வாழ்பவரா, ஒரே துணையோடு வாழ்பவரா என்ற கேள்வியே எழவில்லை. பிரிட்டன் 2021-இலும் அமெரிக்கா 2023-இலும் ஆளை விட்டுவிட்டு நடத்தையைக் கேட்கும் முறைக்கு மாறின. இங்கே தங்கஜம் சாந்தா சிங் என்ற மணிப்பூர்த் திருநங்கை 2021-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது.

இலக்கியவாதிகளாகிய நம்மிடம் வருகிறேன். சு. சமுத்திரம் 1990-களிலேயே 'வாடாமல்லி' எழுதினார். பிறகு ரேவதியும் பிரியா பாபுவும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுத வந்தார்கள். பெற்ற வீடு, காவல் நிலையம், வேலை, வாடகை வீடு, அறுவைச் சிகிச்சை என்று அவர்களது எழுத்து விரிகிறது. அதைப் படித்துவிட்டுப் பாராட்டுக் கூட்டமும் நடத்தியபின், கூவாகத்துக்குப் போய் எழுதும்போது மட்டும் நமக்கு ஒப்பாரியும் ஆணுறையும்தான் கண்ணில் படுகின்றன. அந்த இரவுக்கு வந்துபோன ஓர் ஆணின் பார்வையில், அவன் கூச்சமும் பொய்யும் காய்ச்சலும் வீட்டுக்காரியுமாக, தமிழில் ஒரு நல்ல சிறுகதை வந்திருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வரும் சித்திரைக்குக் கட்டுரை எழுதக் கிளம்பும் நண்பர்கள் விழுப்புரத்திலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் பேருந்து நிலையத்தில் ஒரு மணிநேரம் நின்றுவிட்டுப் போகட்டும். யார் இறங்குகிறார்கள், எத்தனை பேர், எந்த ஊர்ப் பேருந்திலிருந்து என்று பார்க்கட்டும். பரிசோதனை முகாம் அங்கே இருக்கிறதா, இருந்தால் ஆண்களுக்கென்று என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதட்டும்.