வெள்ளைச் சேலை விமர்சனம்

கே. பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். 1933இல் எஸ். ஜி. கிட்டப்பா இறந்தார், 25 வயது சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார், இனி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். இங்கே கட்டுரையாளருக்குக் குரல் தழுதழுக்கிறது. பேனா மூடப்படுகிறது. ஒரு நடிகையின் கலையைப் பற்றிப் பேச வந்தவர் அவருடைய கைம்மையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போகிறார். இதற்குப் பெயர் விமர்சனமாம்.

1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் சுந்தராம்பாள் ஆண் வேடம் ஏற்றார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். அதையும் விரதத்தின் கணக்கிலேயே எழுதுகிறோம். ஆனால், சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் வளர்ந்த டி. கே. சண்முகம் பிற்காலத்தில் கிழவி வேடம் கட்டியபோது, அதைக் கலை என்று சரியாகவே கண்டுகொண்டோம். பெயருக்கு முன்னால் ‘அவ்வை’ என்ற பட்டத்தையும் சேர்த்தோம். பெண் வேடம் கட்டும் ஆணுக்குத் திறமை. ஆண் வேடம் கட்டும் பெண்ணுக்குப் பத்தினித்தனம். இந்தத் தராசை யாரும் பரிசோதித்ததில்லை.

1953இல் அதே அவ்வை வேடத்தில் சுந்தராம்பாள் வந்தார். நாடு கைகூப்பியது. அந்தக் கதையின் நிபந்தனையைக் கவனியுங்கள்: ஒரு பெண் ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டுமென்றால் முதலில் தன் இளமையை உதிர்த்துவிட வேண்டும். நாம் கும்பிட்டது அந்தக் குரலையா, இந்த நிபந்தனையையா?

எனக்கு ஏன் இந்தக் கோபம் என்று கேட்கலாம். நான் உசிலம்பட்டிக்காரன். எங்கள் சுற்றுப்பட்டிகளில் பங்குனி, சித்திரையில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் உண்டு. இதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் எல்லோரையும் தனித்தனியே பேசி அமர்த்துவார்கள். அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமண’த்தில் நாரதர் தர்க்கத்துக்கு வந்து நிற்பார். எதிராளி என்ன கேட்பார், எந்தப் பாட்டை எடுப்பார் என்று தெரியாது. வள்ளியாக நிற்பவள் அந்த நிமிஷத்தில் பாட்டுக்குப் பாட்டும் பேச்சுக்குப் பேச்சும் கொடுத்தாக வேண்டும். விடியும்வரை. நம் நவீன நாடகக்காரர்கள் பட்டறை போட்டுப் பயிலும் காரியம் இது.

அப்படி ஓர் இரவு. வள்ளியின் பதிலுக்கு விசிலடித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். காலையில் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் அதே பெண், முக்காடு போட்டு, தகரப் பெட்டியோடு நின்றாள். ராத்திரி விசிலடித்த வாய்கள் அவளைப் பற்றிப் பேசியதை இங்கே அச்சிட முடியாது. பக்கத்தில் முருகனாக நடித்தவர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமும் இந்தக் கட்டுரையின் குற்றப்பட்டியலில் சேரும்.

“அதில் ஆபாசம் இருக்கிறதே” என்பார்கள். இருக்கலாம். பபூனும் டான்ஸும் வரும் பகுதியில் அதைக் கேட்டு வாங்குவது யார்? கேட்கிறவன் சுத்தம், கொடுக்கிறவள் அசுத்தம் என்பது எந்த ஊர் நியாயம்?

சுந்தராம்பாளை வெள்ளைச் சேலைக்காகப் போற்றுவதும், பஸ் ஸ்டாண்டில் நிற்பவளைத் தூற்றுவதும் இருவேறு காரியங்கள் அல்ல. முதலாவது இருக்கும்வரை இரண்டாவதும் இருக்கும். மைக் இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைவரை எட்டிய குரல் சுந்தராம்பாளுடையது. அது எப்படி எழுந்தது, எங்கே நின்றது, வசனத்திலிருந்து பாட்டுக்கு எப்படித் தாவியது என்று எழுதுங்கள். முடியாதென்றால் சும்மா இருங்கள். ஒப்பாரி வைக்க விமர்சகன் தேவையில்லை.