அஞ்சு என்றால் அட்ஜெக்டிவா?

எங்கள் அபார்ட்மென்ட்டில் மாடி வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் விடைத்தாளும் கையுமாக வந்து நின்றாள். முகம் தொங்கிப்போயிருந்தது. ‘‘அங்கிள், இதுல என்ன தப்பு?’’

வாங்கிப் பார்த்தேன். ‘ஃபைவ் ஆஃப் தெம் வேர் ஆப்சென்ட்.’ இதில் ‘ஃபைவ்’ என்பதற்கு அடிக்கோடு போட்டு, அது எந்த ‘பார்ட் ஆஃப் ஸ்பீச்’ என்று கேட்டிருக்கிறார்கள். இவள் ‘ப்ரோநவுன்’ என்று எழுதியிருக்கிறாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், ‘அட்ஜெக்டிவ்’.

போனது ஒரே ஒரு மார்க். அதுகூடப் பரவாயில்லை. ‘‘ஏன் மிஸ்?’’ என்று எழுந்து கேட்டிருக்கிறாள். ‘‘நம்பர்னா அட்ஜெக்டிவ்தான், உட்காரு’’ என்று பதில் வந்திருக்கிறது. வகுப்பே சிரித்திருக்கிறது.

அந்தப் பெண் எழுதியதுதான் சரி. அட்ஜெக்டிவ் என்றால் ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். ‘ஃபைவ் பாய்ஸ்’ என்றால் சரி, பக்கத்தில் பையன்கள் இருக்கிறார்கள். ‘ஃபைவ் ஆஃப் தெம்’ என்பதில் யார் இருக்கிறார்கள்? வராத ஐந்து பேருக்குப் பதிலாக அந்தச் சொல்லே எழுவாயாக நிற்கிறது. பெயருக்குப் பதில் நிற்பதுதானே ப்ரோநவுன்?

‘ஃபைவ் இஸ் அன் ஆட் நம்பர்’ என்று சொல்லுங்கள். இப்போது அதுவே நவுன். நான் ‘ஃபார்ட்டீஸ்’ஸில் இருப்பவன் என்றால், நாற்பதுக்குப் பன்மையே வந்துவிட்டது, சந்தேகமில்லாமல் நவுன். ‘ஷீ கேம் ஃபர்ஸ்ட்’ என்பதில் ‘ஃபர்ஸ்ட்’ அட்வெர்ப். ‘ஒன்ஸ்’, ‘ட்வைஸ்’ இரண்டும் அதே கோஷ்டி.

நான் பி.காம். படித்தவன். எங்கள் ஊர்க் கல்லூரியில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: நான் கொடுக்கும் வாடகை பத்தாயிரம் என் கணக்கில் செலவு, வீட்டுக்காரர் கணக்கில் அதே பத்தாயிரம் வரவு. ‘பத்தாயிரம் ரூபாய் வரவா, செலவா?’ என்று மொட்டையாகக் கேட்டால் எந்தக் கணக்குப்பிள்ளையும் சிரிப்பார். ‘யார் கணக்கில்?’ என்று திருப்பிக் கேட்பார். சொல்லும் அப்படித்தான். எந்த வாக்கியத்தில் என்று கேட்காமல் முத்திரை குத்த முடியாது.

சரி, ‘ஃபைவ் பாய்ஸ்’ஸாவது எல்லோருக்கும் அட்ஜெக்டிவ்தானா? நம் பள்ளிகள் வேதமாக வைத்திருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் ‘அட்ஜெக்டிவ் ஆஃப் நம்பர்’ என்கிறது. 1985-ல் ராண்டால்ஃப் க்வர்க்கும் நண்பர்களும் எழுதிய பெரிய இலக்கணம், எண்களைத் தனி வகையாக ஓரமாக உட்கார வைத்தது. 2002-ல் வந்த கேம்ப்ரிட்ஜ் இலக்கணமோ, ‘தி’, ‘சம்’ போன்ற சொற்கள் இருக்கும் வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதி எதற்கு வம்பு என்று ‘நம்பர்’ என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. இங்கிலீஷ்காரர்களே இத்தனை விதமாகச் சொல்லும்போது, நம் வகுப்பறையில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்த ‘உட்காரு’?

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. நம் மொழியில் எண் பெரும்பாலும் சட்டை மாற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகும். ஐந்து மாணவர்கள், ஐவர் வரவில்லை, ஐந்தைப் பத்தால் பெருக்கு. உருவத்தைப் பார்த்தே வேலையைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கிலீஷில் இந்த மூன்று இடத்திலும் அதே ‘ஃபைவ்’தான். முகத்தைப் பார்த்துப் பயனில்லை, நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். நாமோ முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழக்குகிறோம்.

விளைவு என்ன? கிராமரில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் ‘ஃபைவ் ருபீஸ் நோட்’ என்கிறார்கள். அங்கே ‘ருபீ’ போதும். ‘டூ ஹண்ட்ரட்ஸ் ருபீஸ்’ என்று எழுதுகிறார்கள். ‘டூ’ வந்தால் ‘ஹண்ட்ரட்’டுக்கு எஸ் கிடையாது, ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்’ என்றால் உண்டு. ‘டென் மைல்ஸ் இஸ் எ லாங் வே’ என்றால், பத்துக்கு எப்படி ‘இஸ்’ என்று முழிக்கிறார்கள். அங்கே பத்து மைல் என்பது மொத்தமாக ஒரே தூரம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வேலைக்கு மனுப் போடும்போது காலை வாருவது இதெல்லாம்தான். ‘ஃபைவ்’ அட்ஜெக்டிவா என்று எந்த ஆபீசிலும் கேட்பதில்லை.

‘‘கட்டுக்கட்டாகப் பேப்பர் திருத்துகிறோம் சார், ஒரே விடை இருந்தால்தான் முடியும்’’ என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நியாயம். அவர்கள் சுமை எனக்குத் தெரியும். ஆனால் ஒரே விடை வேண்டுமென்றால், அதைக் கேள்வியில் உள்ள வாக்கியத்தைப் படித்துத் தயாரியுங்கள். புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறும் இடத்தில் இரண்டுக்கும் மார்க் போடுங்கள். இன்னும் நல்லது, பெயர் கேட்பதை விட்டு, ‘ஃபைவ்’ வைத்து மூன்று விதமாக வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

‘‘நீ எழுதினதுதாம்மா சரி’’ என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தேன். முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை.

‘‘அப்ப அடுத்த பரீட்சைல எதை எழுதணும் அங்கிள், சரியானதையா, மிஸ் சொன்னதையா?’’

பன்னிரண்டு வயசுப் பிள்ளை. என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.