நீலத்திரை புகட்டும் பாடம்

2024-ம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதி வெள்ளிக்கிழமை, இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு, அமெரிக்காவைச் சேர்ந்த க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களின் கம்ப்யூட்டர்களுக்குச் சிறியதொரு பைலை அனுப்பிற்று. 78 நிமிஷங்களுக்குப் பின் அதை நிறுத்திக் கொண்டது. அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லக்ஷம் விண்டோஸ் யந்திரங்கள் நீலத்திரையைக் காட்டி நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிகளும் பாங்கிகளும் விமான நிலையங்களும் ஸ்தம்பித்தன. நம் நாட்டு விமான நிலையங்களிலோ பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் வழங்கப்பட்டன. டெல்டா என்னும் அமெரிக்க விமானக் கம்பெனி மட்டும் ஐந்து நாட்களில் சுமார் 7,000 பிரயாணங்களை ரத்துச் செய்ய நேர்ந்தது.

இது சத்துருக்களின் வேலை என்று அன்று பலர் அஞ்சினர். உண்மையில், சத்துருக்களைத் தடுப்பதற்காக நியமிக்கப்பட்ட காவற்காரனே வீட்டை இடித்துவிட்டான் என்பதுதான் விஷயம். மைக்ரோஸாப்டின் கணக்குப்படி, பாதிக்கப்பட்டவை உலகிலுள்ள விண்டோஸ் யந்திரங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. எனினும் அந்த ஒன்று எங்கெங்கே அமர்ந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜனங்களின் உயிரும் பொருளும் பிரயாணமும் எந்த ஸ்தாபனங்களைச் சார்ந்திருக்கின்றனவோ, அவையே இந்தக் காவலை விலைகொடுத்து வாங்கியிருந்தன.

கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் கெர்னல் எனப்படும் நடுப்பகுதி ஒன்று உண்டு. நினைவகம், டிஸ்க், மற்றக் கருவிகள் யாவும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. சாதாரண புரோகிராம் ஒன்று தவறினால் கெர்னல் அதை மட்டும் வெளியேற்றிவிட்டு மற்றக் காரியங்களை நடத்தும். கெர்னலுக்குள்ளேயே தவறு நேர்ந்தாலோ, அதைத் திருத்த மேலதிகாரி வேறு எவருமில்லை. தொடர்ந்து ஓடினால் டிஸ்கிலுள்ள தஸ்தாவேஜுகள் பாழாகக்கூடும். ஆதலால் யந்திரம் தானே நின்றுவிடுகிறது. நீலத்திரையை நோய் என்று கருதுவது தவறு. நோய் முற்றாதபடி செய்யப்படும் தற்காப்பு அது.

க்ரவுட்ஸ்ட்ரைக்கின் பால்கன் என்னும் காவல் புரோகிராம் கெர்னலுக்குள்ளேயே இடம் பெற்றிருந்தது. 2024 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட ஒரு பரிசோதனை முறைக்கு 21 விவரங்கள் வேண்டுமென்று வகுக்கப்பட்டிருந்தது; புரோகிராமோ 20 விவரங்களையே கொடுத்து வந்தது. இருபத்தொன்றாவதை எவரும் கேளாதிருந்த வரையில் குறை வெளிப்படவில்லை. ஜூலை 19-ல் வந்த பைல் அதைக் கேட்டது. புரோகிராம் தனக்குரிய எல்லையைத் தாண்டி இல்லாத இடத்தில் படிக்க முயன்றது, கெர்னல் சாய்ந்தது. அந்தப் பைலைச் சோதித்துப் பார்க்கவேண்டிய புரோகிராமிலும் பிழை இருந்தபடியால், அது தடையின்றி வெளியேறிற்று.

பைல் திரும்பப் பெறப்பட்ட பிறகும் துன்பம் தீராததேன் என்று வாசகர்கள் கேட்கலாம். யந்திரம் எழும்போதே பால்கனும் எழுந்துவிடும். திருத்தம் வந்து சேருமுன்பே யந்திரம் மறுபடியும் விழும். ஆகவே ஒவ்வொரு யந்திரத்தண்டையும் ஒரு மனிதர் சென்று, சேப் மோட் என்னும் குறைந்தபக்ஷ நிலையில் அதை எழுப்பி, சி-00000291 என்று தொடங்கும் பைலை நீக்கி, மீண்டும் துவக்கவேண்டியதாயிற்று. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கமுள்ள மீட்புச் சாவியும் வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த யந்திரங்களே விழுந்துகிடந்த இடங்களில் உத்தியோகஸ்தர்கள் பட்ட பாடு சொல்லத் தரமன்று.

வீட்டிலும் ஆபீஸிலும் கம்ப்யூட்டர் விழுந்தால் செய்யவேண்டிய முறையும் இதிலிருந்தே விளங்கும். திரையிலுள்ள நிறுத்தக் குறியை முதலில் குறித்துக்கொள்க. கடைசியாக மாறியது எது—புதிய புரோகிராமா, டிரைவரா, நினைவகத் தகடா—என்று விசாரிக்க. சேப் மோடில் யந்திரம் நிலைத்து நின்றால், பெரும்பாலும் குற்றம் பின்னால் சேர்ந்த டிரைவரிடமோ புரோகிராமிடமோ இருக்கும். அதிலும் விழுந்தால் நினைவகத்தையும் டிஸ்கையும் சோதிக்க. இவ்விதம் விசாரியாமல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது, காரணத்தையும் சேர்த்து அழிப்பதாகும்.

பொறுப்பு யாருடையது? பைலை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அனுப்பிய கம்பெனியினுடையது என்பதில் ஐயமில்லை. முதலில் சில யந்திரங்களுக்கு அனுப்பிப் பார்த்திருந்தால், கேடு அவற்றோடு நின்றிருக்கும். பிறரைக் கெர்னலுக்குள் அனுமதித்ததற்கு 2009-ல் ஐரோப்பியக் கமிஷனோடு செய்துகொண்ட உடன்பாட்டை மைக்ரோஸாப்ட் தரப்பினர் காரணம் காட்டினர். இச்சமாதானம் நமக்குத் திருப்தியளிக்கவில்லை. தனக்குள்ள வசதியைப் பிறருக்கும் அளிக்கவேண்டுமென்பதே அதன் கருத்து. தன் காவல் புரோகிராமையும் கெர்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்தால், மற்றவர்களையும் வெளியே நிறுத்தியிருக்கலாம். ஆப்பிள் கம்பெனி அத்தகைய வழியை 2019-லேயே திறந்துவிட்டது.

அன்னிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கைவிட்டுச் சுதேச சிஸ்டத்தை ஏற்றால் போதும் என்பார் நம்மிடையே உண்டு. ஸி-டாக் ஸ்தாபனம் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு தயாரித்த பாஸ் முதலிய முயற்சிகளை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆனால் அதே 2024-ம் வருஷத்தில், ஜூலைக்கு முன்பே, இதே காவல் புரோகிராமினால் சில லினக்ஸ் யந்திரங்களும் விழுந்ததுண்டு. பெயரை மாற்றுவதால் மட்டும் பிணி நீங்காது. சோதனையின்றி நுழையும் அதிகாரத்தை எவருக்குக் கொடுத்தாலும் விளைவு ஒன்றே.

ஆகவே சர்க்காரும் நகரசபைகளும் ஆஸ்பத்திரிகளும் இத்தகைய புரோகிராமை வாங்குமுன் ஐந்து கேள்விகள் கேட்கவேண்டும். அது கெர்னலுக்குள் நுழைகிறதா? மாற்றங்கள் படிப்படியாக வருமா. அவற்றைத் தாமதிக்கும் உரிமை நமக்குண்டா? மீட்புச் சாவிகள் வேறிடத்தில் பத்திரமாக உள்ளனவா? யந்திரம் நின்ற அன்று காகிதத்தைக்கொண்டு வேலை நடத்தச் சிப்பந்திகள் பழகியிருக்கிறார்களா? பொதுஜனப் பணத்தில் வாங்கப்படும் காவலுக்கு இக்கேள்விகளைக் கேட்க ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமையுண்டு. சட்டசபைகளிலும் நகரசபைகளிலும் உள்ள நம் பிரதிநிதிகள், அடுத்த வீழ்ச்சிக்குப் பின்பல்ல, அதற்கு முன்பே இவற்றுக்கு எழுத்து மூலமான பதிலைப் பெறுவார்களாக.