கட்-ஆஃபைக் குறைக்க வேண்டாம், மைதானத்தைத் திறங்கள்

முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டால் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் படிப்புக்குப் பெயர்பெற்ற கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஆண்டுதோறும் அதே தலைவலிதான். கால்பந்துக்குப் பதினொரு பேரையும் மாற்று ஆட்டக்காரர்களையும் தேற்ற வேண்டும். கட்-ஆஃப் 190-க்கு மேல் வாங்கி வந்த பையன் பந்தைத் தொட்டு இரண்டு வருடமாகியிருக்கும். மண்டல அளவில் ஆடிய பையனுக்கோ அந்தக் கல்லூரியின் கட்-ஆஃப் எட்டியிருக்காது. அவன் வேறெங்கோ சேர்ந்து எதிரணிக்கு ஆட வருவான்.

இதற்கு இரண்டு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. படிப்பா, ஆட்டமா என்று முடிவெடுத்துவிட்டு, நல்ல கல்லூரிகள் கோப்பையை மறந்துவிடலாம் என்பது ஒன்று. ஆட்டக்காரர்களுக்காக மதிப்பெண் வரம்பை இஷ்டத்துக்குத் தளர்த்தலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்கவில்லை. பற்றாக்குறை உண்டாவது கல்லூரி வாசலில் அல்ல. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில்.

சலுகை இல்லாமல் இல்லை. தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு, எம்.பி.பி.எஸ். படிப்பில் 7 இடங்கள். சென்னை ஐஐடி 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்களை வீரர்களுக்கென உருவாக்கி, அவற்றில் ஒன்றைப் பெண்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அங்கே பதக்கம் மட்டும் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசைப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். இதை நாம் வரவேற்கிறோம். வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்களே தவிர, படியை இடித்துத் தள்ளவில்லை.

அமெரிக்காவின் ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் 1954-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இன்றுவரை விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. வீரரின் பள்ளி மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கொரு கீழ்வரம்பும் வைத்திருக்கிறார்கள். அதனால் அங்குள்ள பயிற்சியாளர்கள் சேர்க்கை நாள்வரை காத்திருப்பதில்லை. பள்ளியில் படிக்கும்போதே பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, எந்தப் பாடத்தை எடு, எந்தத் தேர்வை எப்போது எழுது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆடவும் படிக்கவும் தெரிந்த பிள்ளை பள்ளியில் இருந்தால்தான் இந்த வழி பலிக்கும்.

நாமக்கல்லில் அந்தப் பிள்ளை எங்கே? பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே ஃப்ளெக்ஸ் பேனர்கள் முளைக்கின்றன. லாரி வைத்திருப்பவர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் ஓட்டுபவர், விசைத்தறிக்காரர், வெளி மாவட்டத்துப் பெற்றோர் என எல்லோரும் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளையைக் கொண்டுவந்து உண்டு உறைவிடப் பள்ளியில் விடுகிறார்கள். விடியும் முன்பே ஸ்டடி, இரவு உணவுக்குப் பிறகும் ஸ்டடி, ஞாயிறு டெஸ்ட். பல வளாகங்களில் பி.டி. பீரியட் என்பது அட்டவணையில் மட்டும் இருக்கும்; அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பார். கோழிப்பண்ணை மாவட்டத்தில் இவற்றுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வந்தது சும்மா அல்ல. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையிலேயே கேட்கும் நிலை இருந்ததென்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்தான் கணக்கு. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறித்தான் அதைப் பெற முடியும். குறுவட்டப் போட்டிக்கே அனுப்பாத பள்ளியின் மாணவருக்கு 500 இடம் இருந்தாலும் 5,000 இடம் இருந்தாலும் ஒன்றுதான். மாணவிகள் பாடு இன்னும் மோசம். பத்தாம் வகுப்புவரை கபடியில் ரெய்டு போன பெண், பிளஸ் ஒன் சேர்ந்ததும் விடுதி அறைக்குள் முடங்கிவிடுகிறாள்.

மைதானம் என்ன தரும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர். உயரம் தாண்டிப் பார் என்று திருப்பிவிட்டவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். சேலத்துக் கல்லூரியொன்றில் பி.பி.ஏ. முடித்த அவர், 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என்று தொடர்ந்து வென்றார். அன்று பி.டி. பீரியடில் அவரைக் கணக்குப் போட உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதுவே ஆபத்தாகவும் முடியலாம். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குத் தாவியதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வு இல்லை. மிச்சமாகும் அந்த ஆண்டைப் பழையபடி பிளஸ் டூ பாடத்துக்கும் நீட் பயிற்சிக்கும் தாரைவார்க்கப் போகிறோமா, அல்லது அதில் ஒரு பங்கையாவது மைதானத்துக்குக் கொடுக்கப் போகிறோமா?

கல்லூரிகளும் கைகழுவிவிட முடியாது. பெயருக்குச் சேர்த்து, மேட்ச் நாளில் மட்டும் ஜெர்சி மாட்டி, நான்கு வருட முடிவில் பத்து அரியரோடு வெளியே அனுப்புவது வீரருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். போட்டிக்குப் போகிறவர்களுக்கு 65 சதவீதம்வரை தளர்வு உண்டு. ஓ.டி. (ஆன் டியூட்டி) கையெழுத்துக்காக வீரரைத் துறை துறையாக அலையவிடும் கல்லூரி, தவறவிட்ட இன்டர்னல் தேர்வை மறுபடி நடத்தித் தராத கல்லூரி, நல்ல வீரர் கிடைக்கவில்லை என்று புலம்பக் கூடாது. முதல் செமஸ்டரில் தடுமாறும் வீரருக்கு மாலைப் பயிற்சிக்குப் பிறகு ஒரு மணி நேரம் பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியரை நியமிப்பது, கட்-ஆஃபில் பத்து மதிப்பெண் குறைப்பதைவிடப் பலன் தரும்.

பள்ளிக் கல்வித் துறை இரண்டு காரியங்களை உடனே செய்யலாம். சேலம், நாமக்கல் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்கள் உறைவிடப் பள்ளிகளுக்கு பி.டி. பீரியட் நேரத்தில் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் குறுவட்டப் போட்டிக்கு மேல்நிலை மாணவர் அணியை அனுப்பாத பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கும்போது விளக்கம் கேட்க வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: வரும் ஜூனில் லட்சங்களைக் கட்டிப் பிள்ளையைச் சேர்க்கும்போது, மைதானத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டினால், சாயங்காலம் அங்கே யார் ஆடுகிறார்கள் என்றும் கேளுங்கள்.