சந்தாவுக்குச் சட்டம் வேண்டுமா?



கடலூர் ஆலை வாசலிலும் சிதம்பரம் வட்டாரத்து நடவு வயலிலும் ஒரு கேள்வி எழுகிறது: “சந்தா கட்டாதவனுக்கும் அதே கூலி உயர்வு, அதே போனஸ். எல்லோரும் சங்கத்தில் சேர்ந்து சந்தா கட்டியே தீர வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டால் என்ன?”

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் நம்மைக் காப்பாற்றுமா?

அமெரிக்காவைப் பாருங்கள். ஒப்பந்தத்தின் பலனைப் பெறுகிறவர்கள் அதற்கான செலவில் பங்கு கொடுக்க வேண்டும் என்று அங்கே சங்கங்கள் முதலாளிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. முதலாளிகளுக்குப் பொறுக்குமா? அத்தகைய ஒப்பந்தங்களைத் தடுக்கும் அதிகாரத்தை 1947-ல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்தது. இன்று 26 மாநிலங்களில் அந்தத் தடை இருக்கிறது. அதற்குப் பெயர் “வேலை செய்யும் உரிமை”யாம்! ஒருவனுக்கும் வேலை தராத சட்டத்துக்கு எவ்வளவு அழகான பெயர்! மோட்டார் தொழிலாளர் நிறைந்த மிச்சிகனில் 2012-ல் இந்தத் தடை வந்தது; 2023-ல் சட்டசபை அதை ரத்து செய்தது. சட்டசபை மாறினால் சட்டமும் மாறும். சட்டத்தை மட்டும் நம்பிய சங்கம் அதோடு சாயும்.

நம் நாட்டில் சங்கம் அமைப்பது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தந்த உரிமை, சேருவது கட்டாயமல்ல. சம்பளத்தில் சந்தா பிடிக்கக்கூடத் தொழிலாளியின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். ஆனால் 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு என்ன சொல்கிறது? பல சங்கங்கள் உள்ள ஆலையில், மஸ்டர் ரோலில் இருப்பவர்களில் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவுள்ள சங்கமே தனித்துப் பேசலாம். சங்கத்துக்கு வெளியே நிற்கிற ஒவ்வொருவராலும் நம் பலம் குறைகிறது.

விவசாயக் கூலிக்கு மஸ்டர் ரோலே இல்லை. அவர்கள் எத்தனை பேர் என்பதைச் சங்கத்தின் ரசீதுப் புத்தகம்தான் சொல்லும். 2001-ல் திருத்திய பழைய தொழிற்சங்கச் சட்டம் கிராமத் தொழிலாளிக்கு வைத்த குறைந்தபட்சச் சந்தா வருஷத்துக்கு 1 ரூபாய். அந்த ஒரு ரூபாயை வாங்க ஒரு தோழர் குடிசைக்குப் போனாரே, அதுதான் சங்கம்!

கட்டாயச் சந்தா வந்தால் பணம் ஆபீசில் தானாகச் சேரும். தலைவர்கள் தொழிலாளியின் வாசலை மறப்பார்கள். சந்தா கட்டாதவனைத் துரோகி என்று தள்ளாதீர்கள். மேஸ்திரிக்குப் பயமா? சங்கம் கணக்குக் காட்டவில்லையா? கேளுங்கள், திருத்துங்கள், சேருங்கள்.

ரசீதுப் புத்தகத்தோடு புறப்படுவோம்!