துணி எங்கிருந்து வருகிறது? சிறு ஆடை வியாபாரிகள் கேட்க வேண்டிய கேள்வி

எமது ஊர்களில் வீட்டிலிருந்தே ஆடை வியாபாரம் செய்யும் சகோதரிகளின் தொகை கடந்த சில வருடங்களில் பெருகியுள்ளது. அபாயா, ஹிஜாப், ஜுப்பா, பெருநாள் உடை என்று சொந்தப் பெயரில் விற்கிறார்கள். சிலருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் உண்டு. மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சிதான். ஆனால் உய்குர் முஸ்லிம்களுக்காகப் பதிவுகளைப் பகிரும் அதே பக்கங்களில், எங்கு விளைந்ததென்று தெரியாத பருத்தியும் விற்பனைக்கு இருக்கிறது. இதைச் சரிசெய்வது பெரிய கம்பனிகளின் வேலை என்று பலர் நினைக்கின்றனர். சிறு வியாபாரியாலும் பெருமளவு முடியும் என்பதே என் கருத்து.

முதலில் ஒரு தெளிவு. குறைந்த சம்பளம் எல்லாம் கட்டாய உழைப்பு அல்ல. தண்டனைக்குப் பயந்து, தன் விருப்பமின்றிச் செய்யும் வேலையையே சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1930ஆம் ஆண்டு சமவாயம் அவ்வாறு அழைக்கிறது. இலங்கை அதனை 1950இல் ஏற்றுக்கொண்டது. 2021இல் உலகில் 2 கோடி 76 இலட்சம் பேர் இந்நிலையில் இருந்ததாக அந்த ஸ்தாபனம் மதிப்பிட்டது. கடவுச்சீட்டைப் பறித்து வைத்தல், சம்பளத்தை நிறுத்தி வைத்தல், கடனைக் காட்டி மிரட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களை அனுப்பிய குடும்பங்களுக்கு இவற்றை விளக்கத் தேவையில்லை.

ஆடைத்துறையில் இது பெரும்பாலும் தையல் அறைக்கு வெகுதூரத்தில், பருத்தி வயலிலும் நூற்பாலையிலும் ஒளிந்திருக்கிறது. சீனப் பருத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமானது சின்ஜியாங் பிராந்தியத்தில் விளைகிறது. அங்கு அரசின் தொழில் திட்டங்களில் வற்புறுத்தலின் கூறுகள் இருப்பதாக ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. சீன அரசு இதை மறுக்கிறது. ஆனால் நேரில் சென்று உறுதிசெய்ய வழியில்லை. தொழிற்சாலைகளைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் பல நிறுவனங்கள் 2020இலேயே அங்கு அப்பணியை நிறுத்திக்கொண்டன.

சீனத் துணியை விட்டு இந்தியத் துணிக்கு மாறினால் பிரச்சினை தீருமா? தமிழ்நாட்டு நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' பேர்போனது. ஏழைக் குமரிகளை மூன்று வருடம் போல விடுதியில் தங்கவைத்து, திருமணச் செலவுக்கு இறுதியில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்னார்கள். இடையில் விலகினால் அந்தப் பணம் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே, நாட்டின் பெயரை மட்டும் கேட்பது போதாது. ஆலையின் பெயரையும் கேட்க வேண்டும்.

சட்டமும் இப்போது இதையே கேட்கிறது. சின்ஜியாங் பொருள் கலந்த எதுவும் கட்டாய உழைப்பால் ஆனதென்றே கருதப்படும் என்ற அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ளது. இல்லையென நிரூபிப்பது இறக்குமதியாளரின் பொறுப்பு. வேறு நாட்டில் தைத்து அனுப்பினாலும் விலக்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பர் 14 முதல் அமுலுக்கு வருகிறது. அதில் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கில்லை. ஒன்றியத்தில் உள்ளவர்களை நோக்கி இணையத்தில் விற்கும் பொருளும் உள்ளடங்கும். பாரிஸில் இருக்கும் உறவுக்காரரின் ஊடாக அங்கு விற்பவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? முப்பது வகைத் துணியை பத்துக் கடையில் வாங்குவதற்குப் பதில், ஐந்து வகையை ஓரிருவரிடம் வாங்குங்கள். நெய்த ஆலை, நூற்ற ஆலை, பருத்தி விளைந்த நாடு ஆகியவற்றைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள். புறக்கோட்டையில் ஒரு ரோல் வாங்குபவருக்குப் பதில் கிடைக்காது. பத்துச் சகோதரிகள் சேர்ந்து வாங்கினால் கடைக்காரர் இறக்குமதியாளரிடம் கேட்டே தீருவார். அப்போதும் பதில் வராவிட்டால், அதுவே பதில். அந்தத் துணியை விட்டுவிடலாம்.

சேதனப் பருத்தி என்று முத்திரை காட்டினால், அந்தத் தொகுதிக்கான பரிவர்த்தனைச் சான்றிதழைக் கேளுங்கள். ஆலையின் பொதுச் சான்றிதழ் உங்கள் கையிலுள்ள துணியைப் பற்றி எதுவும் சொல்லாது. மருதமுனைக் கைத்தறித் துணியென்றால் நெய்பவரை நேரில் பார்க்கலாம். நூல் வெளியிலிருந்து வருவதால் அங்கும் கேள்வி குறையுமே தவிர முடியாது. அபாயாத் துணி அதிகமும் பொலியெஸ்டர் என்பதால் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். விஸ்கோஸும் சின்ஜியாங்கில் பெருமளவு உற்பத்தியாகிறது.

கடைசியாக, எமது பக்கம். பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் இருநூறு உடைக்கு ஓடர் கொடுத்து, விலையையும் குறைக்கச் சொன்னால், அந்த நெருக்கடி தையல்காரரின் தலையில்தான் இறங்கும். அவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவார். அங்கே யார் எப்படி வேலை வாங்கப்படுகிறார் என்று எமக்குத் தெரியவே வராது. நேரத்தோடு ஓடர் கொடுப்பதும், வேறிடத்துக்குக் கொடுப்பதென்றால் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டுமென்று முற்கூட்டியே பேசிக்கொள்வதும் செலவில்லாத பாதுகாப்பு.

இதனால் ஓர் உடையின் விலை சற்று கூடலாம். வாங்கும் நாமும் அதற்குத் தயாராக வேண்டும். சாப்பாட்டுப் பொதியைத் திருப்பி ஹலால் முத்திரை தேடும் சமூகம், உடுத்தும் துணி யார் கையை முறுக்கிப் பெறப்பட்டது என்று கேட்பது அதிகப்படியான எதிர்பார்ப்பு அல்ல.