கம்பி இருக்கிறது, கொமுட்டர் எங்கே?

கிம்மாஸ் கொமுட்டர் ரயிலை நிறுத்தியவர்கள் அந்தச் சங்கதியை அன்றே மறந்துவிட்டார்கள். சிகாமட் வட்டாரம் மறக்கவில்லை. 2015 அக்டோபர் 10-இல் சிரம்பானுக்கும் கிம்மாஸுக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி, 2016 ஜூன் 20-இல் நின்றது. ஆயுள் எட்டு மாதம், சில நாட்கள். ஆள் ஏறவில்லை என்பதுதான் இப்படிப்பட்ட வெட்டுகளுக்கு எப்போதும் வரும் பதில். எட்டு மாதப் பிள்ளை தவழத்தான் தவழும். அது ஓடவில்லை என்று தொட்டிலைக் கழற்றி வைப்பார்களா?

இடிஎஸ் மின்ரயில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. 2025 மார்ச் 15-இல் சிகாமட்டுக்கு வந்தது, டிசம்பரில் ஜொகூர் பாருவையும் தொட்டுவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அது முன்பதிவு வண்டி. இருக்கை எண்ணோடு டிக்கெட் வாங்க வேண்டும், கட்டணமும் கூடுதல். தீபாவளி நெருங்கினால் டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கொமுட்டர் அப்படியா? நினைத்த நேரத்தில் நிலையத்துக்குப் போய், டிக்கெட் வாங்கி, நின்றுகொண்டாவது போய்ச் சேரலாம். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவருக்கும் சிரம்பானில் படிக்கும் பிள்ளைக்கும் வேண்டியது அந்த வண்டி. கிம்மாஸ் நிலையம் நெகிரி செம்பிலானில் இருக்கலாம். எல்லையைத் தாண்டினால் கிம்மாஸ் பாரு, அது நம் சிகாமட் மாவட்டம்தான்.

அந்தக் கொமுட்டர் தடத்தின் மறுமுனை எது என்று பாருங்கள். பத்துமலை! முருகன் சந்நிதிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும் கொமுட்டர், தெற்கே கிம்மாஸுக்கு முன்னாலேயே பூலாவ் செபாங்கோடு திரும்பிக்கொள்கிறது. அங்கே கம்பி அறுந்து கிடக்கிறதா என்ன? சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை இந்திய அரசின் இர்கான் நிறுவனம் இரட்டைத் தண்டவாளம் போட்டு, மின்கம்பி இழுத்து, 2013-இலேயே வேலையை முடித்துவிட்டது. அந்தக் கம்பி இன்று ஜொகூர் பாரு வரை போகிறது. வண்டிதான் வர மறுக்கிறது. காவடி நேர்ந்துகொண்ட குடும்பம் பால்குடத்தையும் சாமான்களையும் தூக்கிக்கொண்டு இடிஎஸ்ஸில் கோலாலம்பூர் சென்ட்ரல் போய், அங்கே இறங்கி, அதே கொமுட்டருக்கு மாற வேண்டும். ஒரே தடம், ஒரே கம்பி, இரண்டு கட்டணம்.

அரசாங்கத்துக்கும் ரயில் நிர்வாகத்துக்கும் இது முதல் தடவையும் அல்ல. வடக்கே ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான இரட்டைத் தண்டவாளத்தை 2003-இல் ஒத்திவைத்து, நான்கு ஆண்டு தூங்கிவிட்டு மறுபடி எடுத்தவர்கள். கிம்மாஸ் வரை கம்பி இழுத்து முடித்த பிறகும் ஈராண்டு அதன் கீழே டீசல் வண்டியை ஓட்டி வேடிக்கை பார்த்தவர்கள். 2016 மே மாதம் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் ஓடிய நேரடி வண்டிகளை எடுத்தவர்களும் இவர்களே. அதன் பிறகு ஏறக்குறைய ஒன்பது ஆண்டு சிகாமட்காரர்கள் கிம்மாஸில் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாறினார்கள். நேரடி வண்டியைப் பிடுங்கிய மறுமாதமே கொமுட்டரையும் பிடுங்கினார்கள். வயிற்றில் அடித்த கையாலேயே கன்னத்திலும் ஓர் அறை.

சிறு ஊர்க்காரன் கத்தமாட்டான் என்ற துணிச்சல்தான் இது. கோலாலம்பூரில் கொமுட்டர் அரைமணி தாமதித்தால் அது செய்தியாகிறது. இங்கே ஒரு தடமே காணாமல் போனது, கேட்க நாதியில்லை. வேகத்தையும் குளிர்சாதனப் பெட்டியையும் காட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அந்தத் தடத்திலிருந்த பத்தாங் மலாக்காவில் கொமுட்டருக்காகக் காத்திருந்தவர் இன்று எதில் போகிறார் என்று அவர்களில் ஒருவராவது ஒருநாள் போய்ப் பார்த்ததுண்டா?

தண்டவாளம், கம்பி, நடைமேடை எல்லாம் மக்கள் வரிப்பணத்தில் போட்டாகிவிட்டது. எத்தனை பெட்டி, எத்தனை மணிக்கு, கிம்மாஸோடு நிற்பதா சிகாமட் வரை வருவதா என்பதையெல்லாம் அவர்களே உட்கார்ந்து பேசி ஏதாவது ஒரு வழி பண்ணட்டும். அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் பண்ணட்டும்.